பேரையும் ஊரையும் சொல்லுங்க: எங்கள் ஒபிசில் போனுக்குப் பதில் சொல்லும் பெட்டி

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஒபிசில் போன் அடிக்கும். கதவு பூட்டியிருக்கும். பக்கத்து வளவுக்காரருக்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காது. பாலைக் கறந்து கானில் ஊற்றிவிட்டு, வண்டி வரும்வரை கையில் இருக்கிற பத்து நிமிசத்தில்தான் எங்கள் பண்ணையாளர்கள் கோல் எடுப்பார்கள். எட்டரைக்கு நாங்கள் வந்து கதவைத் திறக்கும்போது அவர்கள் மாட்டோடு போயிருப்பார்கள். பொழுதுபட வீடு திரும்பி அவர்கள் மறுபடி எடுக்கும்போது நாங்கள் ஒபிசைப் பூட்டியிருப்போம். இப்படியே ஒரு சின்ன விசயம் மூன்று நாள், நான்கு நாள் இழுபடும்.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் சிறிய பால் சேகரிப்புச் சங்கம் எங்களுடையது. ஐந்து பேர் வேலை செய்கிறோம். நான் கணக்கும் கணினியும் பார்க்கிறேன். வீடு ஆரையம்பதியில். முன்பென்றால் மண்முனையில் பாதைக்கு (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு) காத்து நின்றுதான் வாவியைக் கடக்கவேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒபிஸ். ஆனாலும் ஐந்து மணிக்கு அடிக்கிற போனை எடுக்க என்னால் வர முடியாது.

பால் காசு எப்போது வரும் என்று கேட்கிற கோல் நாளைக்குத் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. மாட்டு விசயம் அப்படி இல்லை. பசு காளை தேடிக் கத்தத் தொடங்கினால் அந்தப் பருவம் 12 முதல் 18 மணித்தியாலம் வரைதான் நிற்கும். காலையில் கத்தத் தொடங்கிய பசுவுக்கு அன்று பின்னேரம் சினை ஊசி போடவேண்டும். பின்னேரம் தொடங்கியதற்கு மறுநாள் காலையில் போடவேண்டும். தவறவிட்டால் அடுத்த சுற்று 21 நாள் கழித்துத்தான் வரும். அந்த 21 நாளும் பசு தின்னும், குடிக்கும், கன்று மட்டும் தள்ளிப் போகும். இரண்டு மாடு வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு இது சின்ன நட்டம் இல்லை. ஊசி போடுகிற தொழில்நுட்பவியலாளருக்கு நாங்கள்தான் தகவல் சொல்லி அனுப்புகிறோம். எனவே பின்னேரம் ஆறு மணிக்கு வருகிற கோல் அடுத்த நாள் எட்டரைக்கு எங்களுக்குத் தெரிந்தால் பெரும்பாலான நேரம் போய்விட்டது என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்யத்தான் சென்ற வருடம் ஒபிசுக்குப் பொதுவாக ஒரு வொயிஸ் மெயிலும், ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் சொல்லும் ஏற்பாடும் செய்தேன். செய்து முடித்து ஒரு வருடம் ஆகப் போகிறது. வேறு சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதை விட எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் பொருட்கள். இதில் அதிகம் சொல்ல இல்லை. எங்களிடம் இருப்பது 065இல் தொடங்கும் ஒரேயொரு இலக்கம். உறுப்பினர்களின் பால் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்திருக்கிறது, சிலர் மாட்டுக் கொட்டில் சுவரிலேயே கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதக் கட்டணத்துக்கு இணையத்தில் கிடைக்கும் சேவைகளைப் பார்த்தேன். சங்கத்தின் காசுக்கு அது தாங்காது. கடைசியில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்றை வாங்கி, அதில் அஸ்டெரிஸ்க் போட்டேன். மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் 1999இல் சொந்தமாக ஒரு சின்னக் கம்பனி தொடங்கியபோது, போன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாமல் தானே உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. இன்று உலகம் முழுக்க ஓடுகிறது, இலவசம். அதன் மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இடைமுகத்தைப் போட்டால் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் அமைக்கலாம்.

எங்கள் 4ஜி ரவுட்டரின் பின்பக்கத்தில் போன் மாட்டுகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டி ஒன்றுக்குப் போகிறது. அந்தப் பெட்டி போன் இணைப்பைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். வாங்கும்போது அதில் எஃப்எக்ஸ்ஓ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எஃப்எக்ஸ்எஸ் மட்டும் இருந்தால் அது போனை மாட்டுவதற்கு. வெளியிலிருந்து வரும் இணைப்பை அது வாங்காது. நான் முதலில் பிழையானதை வாங்கிவந்து இரண்டு நாள் மினக்கெட்டேன். மேசைக்கு ஒன்றாகப் பழைய ஐபி போன்கள் மூன்று, கொழும்பில் பாவித்தவை, கிடைத்தன. சாமான் அவ்வளவுதான்.

இனி வாழ்த்துச் செய்தி. எனக்கு இதில்தான் அதிக நாள் போனது. நீங்களும் இதில்தான் கூட நேரம் செலவழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் எழுதியது இப்படி இருந்தது: “வணக்கம். தங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது. தற்போது எமது அலுவலகம் மூடப்பட்டுள்ளது. தயவுசெய்து சமிக்ஞை ஒலியின் பின்னர் தங்கள் தகவலைப் பதிவு செய்யவும்.” பட்டணத்தில் வாசிப்புப் பழகிய ஒரு தங்கச்சியைப் பிடித்து, நல்ல குரலில் பதிவும் செய்தாயிற்று. முதல் கிழமை முழுக்க வந்த மெசேஜ் மூன்று. கோல் பதிவைத் திறந்து பார்த்தால், எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே நாலைந்து செக்கனில் வைத்துவிட்டிருக்கிறார்கள்.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை பால் வண்டியோடு போய், மகிழடித்தீவுப் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “ஒபிசுக்கு எடுத்தீங்களா அப்பு?”

“எடுத்தன் மகன். வேலை செய்யல்லையே. அந்தப் பிள்ளைதான் சொல்லுது.”

எந்தப் பிள்ளை? போன் கம்பனியின் பதிவுக் குரல்தான். “நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்பு கொள்ள முடியாதுள்ளது” என்று சொல்கிற அந்தக் குரல். எங்கள் ஆட்களுக்குப் போனில் இலக்கணத் தமிழில் ஒரு பெண்பிள்ளை கதைத்தால் ஒரேயொரு அர்த்தம்தான்: கோல் போகவில்லை, காசில்லை, வைத்துவிடு. அவர்கள் வருடக்கணக்காகப் பழகியது அது. நான் எழுதிய வாழ்த்தும் அதே குரலில், அதே தமிழில் இருந்தது. வைத்ததில் அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

எங்கள் ஒபிசில் ஒரு அக்கா இருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தப் போனை எடுப்பவர் அவர்தான். கோல் எடுப்பவர் “ஹலோ” என்று சொன்ன உடனே, அவர் எந்த ஊர் என்று அக்கா சொல்லிவிடுவார். ஆட்களும் அவரைக் கேட்டுத்தான் எடுப்பார்கள். “அக்கா, நீங்களே கதைச்சுத் தாங்க” என்று கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு, எழுதித் தா தம்பி, வாசிக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி வந்தது.

காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து எடுக்கும் ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணன் ஒருவரை) நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கோல் எடுத்தால் மாடு, மழை, மகளின் படிப்பு எல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் விசயத்துக்கு வருகிறவர். “அவர் எடுத்திருக்கார் எண்டு நினைச்சுக் கதையுங்க” என்றேன். அக்கா சிரித்துவிட்டு, போனை நேராகப் பார்த்துக்கொண்டு கதைத்தார்:

“நான்தான் ஒபிஸ் அக்கா கதைக்கிறன். இப்ப ஒபிசில ஒருத்தரும் இல்ல, வீட்டுக்குப் போயிட்டம். போன வெச்சிராதீங்க. இப்ப டீங் எண்டு ஒரு சத்தம் கேக்கும். அதுக்குப் பிறகு உங்கட பேரையும் ஊரையும் சொல்லிப்போட்டு, என்ன விசயம் எண்டும் சொல்லுங்க. ஆறுதலாச் சொல்லுங்க. விடிய நான் கேட்டுப்போட்டு உங்களுக்கு எடுப்பன்.”

இதை அப்படியே வைத்தேன். அந்தக் கிழமையே மெசேஜ்கள் வரத் தொடங்கின. பலர் மெசேஜ் வைக்கும்போது “அக்கா” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். “அக்கா, சுகமா? நான் முனைக்காட்டில இருந்து கதைக்கிறன்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுகா விசயத்தைச் சொல்வார்கள். அந்தக் காத்திருப்புக்காகவே ஓர் அமைப்பை மாற்றினேன். இத்தனை செக்கன் சத்தம் இல்லாவிட்டால் மெசேஜ் முடிந்தது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். மேக்ஸ்சைலன்ஸ் என்று இருக்கும். நான் ஆரம்பத்தில் வைத்திருந்தது மூன்று செக்கன். “அக்கா, சுகமா?” என்பதோடு வெட்டுப்பட்ட மெசேஜ்கள் பல கிடந்தன. இப்போது பத்து செக்கன்.

பதிவு செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் இணைப்பில் குரலின் 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதிதான் போகும். கைப்பேசியில் பதிந்து கேட்கும்போது நன்றாக இருக்கிற குரல், போன் வழியாகப் போனால் ஒடுங்கிவிடும். “ச” எல்லாம் தேய்ந்துபோகும். விசிறிச் சத்தம் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்கத்தான் பதிவு செய்தோம். கோயிலில் பின்னேரப் பூசை மணி அடிப்பதற்கு முன்பு முடிக்க வேண்டியிருந்தது. கோப்பு 8000 ஹேர்ட்ஸ் மோனோ வேவ் ஆக இருக்கவேண்டும். கைப்பேசியில் வருவதை சொக்ஸ் என்ற சின்ன நிரலில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு கணினியில் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள். வெளியே போய், ஒரு சாதாரண பட்டன் போனில் எடுத்துக் கேளுங்கள். நான் வாவிக் கரையில் காற்றுக்குள் நின்று எடுத்துக் கேட்டேன். விளங்கியது.

அடுத்தது மிஸ் கோல். இதை நான் யோசித்தே இருக்கவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒபிசுக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். நாங்கள் இலக்கத்தைப் பார்த்துத் திருப்பி எடுப்போம். அவர்களுக்குச் செலவில்லை. பெட்டி தூக்கியவுடன் கோலுக்குக் காசு ஓடத் தொடங்கும் என்பதால், நான் முதலில் செய்தபடி உடனே தூக்கினால் அவர்களின் காசைத்தான் தின்கிறது. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒபிஸ் மூடியிருக்கும் நேரத்திலும் 25 செக்கன் ரிங் போகவிட்டுத்தான் பெட்டி தூக்கும். அதற்குள் வைத்துவிடுகிறவர்களின் இலக்கங்கள் ஒரு பட்டியலாகச் சேர்ந்து, காலை 8 மணிக்கு என் மின்னஞ்சலுக்கு வரும். எங்கள் இணைப்பில் இரண்டாவது ரிங்குக்குப் பிறகுதான் எடுப்பவரின் இலக்கம் கிடைக்கிறது. ஒரு ரிங்கில் வைத்தால் யாரென்று தெரியாது. இதை உறுப்பினர்களிடம் சொல்லி, இரண்டு ரிங் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம்.

“ஒன்றை அமத்துங்க, இரண்டை அமத்துங்க” என்கிற பட்டியலைப் பற்றி. நான் ஆறு தெரிவுகள் வைத்துப் படம் கீறியிருந்தேன். நல்ல வேளை, ஆட்களுக்குக் காட்டிப் பார்த்தேன். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் பிரச்சினை இல்லாமல் அமத்தினார்கள். தொடுதிரைப் போன் வைத்திருப்பவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்: காதில் வைத்ததும் திரை அணைந்துவிடும், எடுத்துப் பார்த்தால் இலக்கப் பலகை இருக்காது, அதை வரவைக்க எங்கே தட்டுவது என்று தேடும்போது அக்கா ஐந்தாவது தெரிவில் நிற்பார். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம். ஒவ்வொரு பட்டனும் இரண்டு ஓசைகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஐந்தை அமத்தினால் 770 ஹேர்ட்ஸும் 1336 ஹேர்ட்ஸும் சேர்ந்து போகும். சிக்னல் விட்டுவிட்டு வரும்போது அந்த ஓசை நடுவில் உடைந்து, ஒரு தரம் அமத்தியது இரண்டு தரமாகப் பெட்டிக்குக் கேட்கும்.

இப்போது தெரிவு ஒன்றே ஒன்றுதான். மாட்டு விசயம் என்றால் ஒன்றை அமத்தலாம். எதையும் அமத்தாமல் நின்றால் பொது மெசேஜ் பெட்டிக்குத் தானாகப் போகும். சொல்லும் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். “ஒன்றை அமத்துங்க, மாட்டு விசயத்துக்கு” என்றால் விசயத்தைக் கேட்கும்போது இலக்கம் மறந்துபோகும். “மாட்டு விசயம் எண்டா, ஒண்ட அமத்துங்க” என்றுதான் சொல்லவேண்டும். இன்னொரு முக்கியமான தீர்மானம்: கன்று போட முடியாமல் பசு துடிக்கிறது, பாம்பு கடித்துவிட்டது போன்றவற்றை இந்தப் பெட்டி வாங்கவே கூடாது. அப்படியான அவசரம் என்றால் மெசேஜ் வைக்காமல் வைத்தியருக்கு எடுக்கச் சொல்லி, அவரின் இலக்கத்தை அக்கா ஆறுதலாக இரண்டு தரம் சொல்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் போட்டோம்.

இவ்வளவும் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சிவலைப் பசுவின் விசயம் நடந்தது.

பொது வொயிஸ் மெயில் என்றால், ஐந்து பேருக்கும் ஒரே பெட்டி. புது மெசேஜ் வந்தால் மூன்று போனிலும் சிவப்பு விளக்கு மினுங்கும். யாராவது ஒருவர் *98 அமத்தி, பெட்டி இலக்கமும் இரகசிய இலக்கமும் கொடுத்துக் கேட்கலாம். கேட்டு முடிந்தவுடன் அந்த மெசேஜ் “பழசு” என்ற பக்கத்துக்குப் போய்விடும். மூன்று போனிலும் விளக்கு அணைந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் பொழுதுபட ஓர் அம்மா மெசேஜ் வைத்திருக்கிறார்: “மகன், என்ட சிவலைப் பசு பின்னேரம் துடங்கிக் கத்துது. விடியப் பொடியன அனுப்பிவிடுங்க.” காலையில் எங்களில் ஒருவர் ஏழரைக்கே வந்துவிட்டார். விளக்கைப் பார்த்தார், கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கானோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டுப் போனார். பிறகு மற்றவர்கள் வந்தோம். விளக்கு அணைந்திருந்தது. மெசேஜ் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். கேட்டவர், எல்லோருக்கும் தெரியும்தானே, அக்கா சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். தொழில்நுட்பவியலாளருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை அந்த அம்மா பால் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரே ஒபிசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வாங்கில் இருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “நான் சொன்னன்தானே மகன், அந்தப் பெட்டிக்கிட்ட” என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எங்கள் ஒருவரிடமும் வார்த்தை இல்லை. அவர் செய்யவேண்டியதை முழுதாகச் செய்திருந்தார். பேர் சொன்னார், ஊர் சொன்னார், விசயம் சொன்னார். நான் அமைத்த பெட்டியும் அதை ஒழுங்காக வாங்கி வைத்திருந்தது. பழைய காலத்தில், பெட்டி இல்லாதபோது, போன் எடுக்கப்படாவிட்டால் அவர் மகனைச் சைக்கிளில் அனுப்பியிருப்பார். பெட்டியை நம்பியதால்தான் அனுப்பவில்லை. இருபத்தொரு நாள் போனது எங்களால். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போகவில்லை, ஒபிசிலேயே இருந்து இதை எப்படி நிறுத்துவது என்று பார்த்தேன்.

அஸ்டெரிஸ்கின் வொயிஸ் மெயிலில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு மெசேஜைக் கேட்ட பிறகு 9 அமத்தினால், எந்தப் பக்கத்தில் வைக்க என்று கேட்கும். 0 என்றால் புதுசு, 1 என்றால் பழசு. அதாவது கேட்டு முடித்துவிட்டு 9, பிறகு 0 அமத்தினால், அந்த மெசேஜ் திரும்பவும் புதுசாகிவிடும். விளக்கு மீண்டும் மினுங்கும். எங்கள் சட்டம் இப்போது இதுதான்: வேலை முடியும்வரை மெசேஜ் பழசாகக் கூடாது. கேட்டவர் 9, 0 அமத்தி விளக்கை உயிரோடு வைக்கவேண்டும். வேலையை முடித்தவர்தான் அதை அணைக்கலாம். மூன்று போனிலும் சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அதோடு ஒரு சிஆர் கொப்பி. திகதி, நேரம், ஆர், எந்த ஊர், என்ன விசயம், கேட்டவர், முடித்தவர். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. கணினியிலேயே இதைச் செய்யலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் கணினிதான் தொழில். ஆனால் கொப்பி போனுக்குப் பக்கத்தில் விரித்தபடி கிடக்கிறது, கரண்ட் போனாலும் கிடக்கிறது, கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் தூரத்தில் இருந்தே தெரிகிறது. மாட்டு விசயப் பெட்டிக்கு மட்டும் மேலதிகமாக, மெசேஜ் வந்தவுடன் குரல் கோப்பு மின்னஞ்சலில் என் கைப்பேசிக்கும் தொழில்நுட்பவியலாளரின் கைப்பேசிக்கும் வருகிறது. ஆறு மணிக்கு அந்த அம்மா இன்று கதைத்தால், ஆறரைக்குள் தொழில்நுட்பவியலாளருக்குத் தெரிந்துவிடும்.

பெட்டியின் உள்ளே கதைக்கும் குரல் ஆங்கிலத்தில் இருந்தது. கனடாவைச் சேர்ந்த அலிசன் ஸ்மித் என்பவரின் குரல். அருமையான குரல், ஆனால் எங்கள் ஒபிசில் இரண்டு பேருக்கு அது ஓடுகிற வேகம் பிடிபடவில்லை. ஆகவே உள்ளே வரும் வசனங்களையும் அக்காவையே பதிவு செய்யவைத்தேன். இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல் வந்தது. பெட்டி ஒரு வசனத்தை முழுதாக வைத்திருப்பதில்லை. “உங்களிடம் இருக்கிறது”, “இரண்டு”, “புதிய”, “மெசேஜ்கள்” என்று நான்கு துண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிடும். அந்த ஒழுங்கு மாறாது. தமிழில் அப்படியே வைத்தால் “உங்களிட்ட இருக்கு, ரெண்டு, புது, மெசேஜ்” என்று ஓரளவு ஒப்பேறும். ஒன்று வந்தால்தான் கெட்டுப்போகும்: “ஒண்டு புது மெசேஜ்” என்று யாரும் கதைப்பதில்லை, “ஒரு” என்றுதான் வரவேண்டும். ஆனால் அந்த “ஒண்டு” கோப்பு வேறு இடங்களிலும் பயன்படுவதால் மாற்ற முடியாது.

நான் நிரலைத் திருத்தலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டார், “அதென்ன தம்பி, சந்தையில எண்ணிற மாதிரிச் சொன்னாச் சரிதானே?” முதல் துண்டை “பெட்டியில கிடக்கிறது” என்று பதிந்தார். மூன்றாவதை “புதுசு” என்று. நான்காவது துண்டை வெறும் அமைதியாக விட்டோம். இப்போது *98 அமத்தினால், “பெட்டியில கிடக்கிறது… ஒண்டு… புதுசு” என்று அக்காவின் குரல் வரும். மூன்று இருந்தால், “மூண்டு… புதுசு.” எங்கேயும் இடறுவதில்லை. ஒவ்வொரு காலையும் அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

மிச்சம் இருப்பது கரண்ட். ராஸ்பெரி பை 4க்குள் சொந்தமாக மணிக்கூடு கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையத்தைக் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். ஒரு மழை நாளில் கரண்ட் வந்த பிறகும் இணையம் வரவில்லை. பை தன் மனதில் அதிகாலை என்று நினைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு, நாங்கள் எல்லோரும் மேசையில் இருக்கும்போதே “ஒபிசில ஒருத்தரும் இல்ல” என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டரி வைத்த சின்ன மணிக்கூட்டுப் பலகை ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. ரவுட்டர், எஃப்எக்ஸ்ஓ பெட்டி, பை மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஒன்றை மறந்தாலும் மற்ற இரண்டும் உயிரோடு இருந்து பயனில்லை. திடீரென்று கரண்ட் போய்ப் போய் மெமரி கார்டும் ஒருமுறை பழுதாகியது. அக்காவின் குரல் கோப்புகள் என் மடிக்கணினியில் இருந்ததால் தப்பினோம். பதிவுகளின் பிரதியை வேறு இடத்தில் கட்டாயம் வையுங்கள். அமைப்பை ஒரு நாளில் திரும்பச் செய்யலாம், அந்தக் குரலை அதே மாதிரித் திரும்ப எடுக்க முடியாது.

பாதுகாப்புக்கு இரண்டே விசயம். பெட்டியின் இரகசிய இலக்கம் ஆரம்பத்தில் அதன் சொந்த இலக்கமாகவே இருந்தால் உடனே மாற்றுங்கள். ராஸ்பெரி பையை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காதீர்கள். இணையவழிக் கோல்கள் உள்ளே வரும் 5060 என்ற வாசலைத் தட்டிப் பார்த்து, அடுத்தவர் இணைப்பில் வெளிநாட்டுக் கோல் எடுக்கிற கூட்டம் இரவும் பகலும் சுற்றுகிறது. எங்களுடையது ஒபிசுக்குள் மட்டும்தான் தெரியும்.

மெசேஜ்களை நாங்கள் முப்பது நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. மாட்டு விசயம் சொல்லத் தொடங்கி, வீட்டு விசயம் சொல்லி அழுதவர்களும் உண்டு. அப்படி வந்ததை அக்கா மட்டும் கேட்பார், கொப்பியில் “திருப்பி எடுக்கவும்” என்று மட்டும் எழுதுவார், எடுத்துக் கதைத்துவிட்டு 7 அமத்தி அழித்துவிடுவார்.

அந்தச் சிவலைப் பசுவுக்கு அடுத்த சுற்றில் ஊசி போட்டது. அந்த அம்மா அன்று மறுபடியும் பெட்டிக்கிட்டத்தான் சொன்னார். ஏழு மணிக்கு முன்பே அக்கா அவருக்குத் திருப்பி எடுத்துக் கதைத்துவிட்டு, கொப்பியில் கையெழுத்துப் போட்டார். இப்போது பசு சினையாக நிற்கிறது.

விதைப்பு தொடங்கினால் வயற்பக்கத்து மாடுகள் எல்லாம் மேய்ச்சல் தரைக்குப் போய்விடும், கோல் வருகிற நேரமும் மாறும். மாரிக்கு வேறு வாழ்த்து வேண்டும்: வெள்ளம் வந்தால் பால் வண்டி எந்தச் சந்திவரை வரும், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அன்றன்றைக்குச் சொல்லவேண்டும். அதை அக்கா வீட்டிலிருந்தே தன் கைப்பேசியால் மாற்றிப் பதிய ஒரு வழி செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து பழகிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், பூசை மணிக்கு முதல்.